சாம்பிராணி போட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் குடியிருப்பில் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பால்கனியில் கரி அடுப்பு மூட்டக் கூடாது என்று ஆரம்பித்து மொத்தம் பதினோரு விதிகள். மேலே தெலுங்கு, கீழே தமிழ். தமிழில் எழுதியது நான்தான். பதினொன்றில் எட்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மீறியவள் என்ற தகுதி எனக்கு இருந்ததால் செக்ரட்டரி அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

திருப்பதியில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் வேலை என்ன, ஊர் என்ன என்பதெல்லாம் அப்புறம். சாப்பாடு என்ன என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்களுக்குச் சித்தூர். என் கணவருக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்குத் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை. அவருக்குக் கம்பெனி பஸ், எனக்கு ஷேர் ஆட்டோ, இரண்டுக்கும் தோதாக வீடு திருப்பதியில் என்று முடிவானது. ஏழெட்டு வீடு பார்த்தோம். ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கேள்வி வந்தது, நாங்களும் நேர்மையாகப் பதில் சொல்லித் திரும்பி வந்தோம்.

இந்த வீட்டைப் பார்க்க வந்தது புரட்டாசி மாதத்தில், ஒரு சனிக்கிழமை. சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி பிறந்துவிட்டால் மீன் வெட்டும் அரிவாள்மணை பரண் மேல் ஏறிவிடும். முட்டை கூட வீட்டுக்குள் வராது. சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். என் கணவர் நெற்றி நிறைய நாமம் போட்டிருந்தார். அவருடைய நெற்றி கொஞ்சம் பெரியது, நாமத்துக்கு அது நல்ல இடம்.

ஓனர் சித்தூரில் இருந்தார். சாவி மேல் மாடியில், அவருடைய இன்னொரு வீட்டில் குடியிருந்த ஒரு மாமியிடம் இருந்தது. மாமியின் வீட்டுக்காரர் திருமலைக் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். முறை வந்தால் வாரக்கணக்கில் மலை மேலேயே இருப்பார், மாமி இங்கே தனியாக இருப்பார். கதவைத் திறந்தவர் முதலில் நாமத்தைப் பார்த்தார். அப்புறம்தான் எங்களைப் பார்த்தார்.

“தமிழாளா? வாங்கோ வாங்கோ. சாப்பாடெல்லாம் எப்படிம்மா?”

“அய்யோ, தொட்றதே இல்ல மாமி” என்றேன்.

அன்றைய தேதிக்கு அது சத்தியமான வார்த்தை. மிச்சமிருக்கும் பதினோரு மாதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமி ஓனருக்குப் போன் போட்டுவிட்டார். “நம்மளை மாதிரிதான் இருக்கா. தாராளமா குடுங்கோ. நான் பொறுப்பு.”

அந்த “நான் பொறுப்பு” என் காதில் நன்றாக விழுந்தது. விழுந்தும் பேசாமல் இருந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் வீடு. ஏழெட்டு வாசலில் திரும்பி வந்த கால் வலி வேறு. என்னை நல்லவள் என்று நானே சொல்லிக்கொள்ளும் நாட்களிலும் இந்த இடத்தை மட்டும் தாண்டிக் குதித்துவிடுவேன்.

குடிவந்த பிறகு மாமி எனக்கு வெறும் பக்கத்து வீட்டுக்காரியாக இல்லை. நான் சிடுமூஞ்சி, கல்லூரியில் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சிடுசிடுப்பு மாமியிடம் மட்டும் எடுபடவில்லை. அவர் தன் பால்கனியில் நின்று கீழே குனிவார், நான் என் பால்கனியில் நின்று மேலே நிமிர்வேன். அப்படியே அரை மணி நேரம் பேசுவோம். கழுத்து வலிக்கு நான் தைலம் வாங்கியது அந்த வருஷம்தான். அவர் வீட்டுப் புளியோதரை எங்கள் வீட்டுக்கு வரும். காலிப் பாத்திரத்தில் நான் கொய்யாவோ வாழைப்பழமோ வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். சமைத்தது எதையும் வைக்கக் கூடாது என்பது அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

நாங்கள் மீன் சாப்பிடுவது சித்தூரில் அம்மா வீட்டுக்குப் போகும்போது மட்டும் என்று ஆனது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. என் கணவருக்குத்தான் தாங்கவில்லை. சூளூர்பேட்டையிலிருந்து இரண்டு பேர் அவரோடு வேலை செய்கிறார்கள். பழவேற்காட்டு ஏரி மீன், இறால், நண்டு என்று அவர்கள் மதியச் சாப்பாட்டில் திறக்கும் டப்பாவின் வாசனையைச் சாயந்திரம் வீட்டுக்கு வந்து எனக்கு வர்ணிப்பார். மோர்க்குழம்பை ஊற்றிக்கொண்டே வர்ணிப்பார்.

“சமையலறையில வறுத்தா நேரா மாமி வீட்டுக்குப் போய்டும்யா” என்றேன். உண்மை அது. இரண்டு சமையலறைக்கும் ஜன்னல் ஒரே காற்றுத் துவாரத்தில்தான் திறக்கும்.

ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே நாலு கால் வைத்த இரும்புத் தொட்டி, மேலே கம்பி வலை. போனில் எதையோ பார்த்துவிட்டு வரவழைத்திருக்கிறார். பார்பிக்யூ அடுப்பாம்.

“பால்கனி வெளிப்பக்கம்தான கீது? காத்து மலைப் பக்கமா போய்க்கினு கீது. மேல ஏறாது. நீ இன்னாத்துக்கு பயந்துக்கினு கெடக்கற?” என்றார். புகைக்கு அவர் வழி சொல்லிவிட்டால் புகை கேட்டுக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

அடுத்த ஞாயிறு, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்த மடவை மீன், மிளகாய்த்தூள் மஞ்சள்தூள் தடவிக் கம்பி வலைமேல் ஏறியது. கரியை மூட்டக் கற்பூரம். மண்ணெண்ணெய் நாற்றம் வரும் என்று எங்கள் புத்திசாலித்தனம். புகை மலைப் பக்கம் போகவில்லை. நேராக மேலே போனது. புகை வேறு எங்கே போகும்?

வீட்டுக்குள் ஓடினேன். பூஜை அலமாரியில் சாம்பிராணி டப்பா கண்ணில் பட்டது. ஒரு சிட்டிகை எடுத்துக் கரி மேல் போட்டேன். வெள்ளையாகக் கிளம்பிய புகையில் மீன் வாசனை போன இடம் தெரியவில்லை. என் யோசனைதான், என் கணவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சாயந்திரம் மாமி மேலிருந்து குனிந்தார். “ஞாயித்துக்கிழமையும் சாம்பிராணி போடறியா! மனசு எவ்ளோ நெறைஞ்சு போச்சு தெரியுமோ? கண்ணை மூடிண்டு நன்னா இழுத்து விட்டேன்.”

மாமி இழுத்து விட்டதில் பாதி மடவை மீன். நான் ‘ஈ’ என்று சிரித்தேன். என் கணவர் உள்ளே போய்த் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. கற்பூரமும் சாம்பிராணியும் நாங்கள் வாங்கிய வேகத்தில் பூஜைக் கடைக்காரர் எங்களை ஏதோ மடத்து ஆட்கள் என்று நினைத்து எழுந்து நிற்க ஆரம்பித்தார். மாமி என் பக்தியை மாமாவிடம் சொல்லி, மாமா மலையிலிருந்து எனக்கென்று தனியாகத் துளசிப் பிரசாதம் கொடுத்தனுப்பினார். அதை வாங்கிய அன்று மட்டும் எனக்கு உள்ளுக்குள் ஏதோ குத்தியது. மறுவாரம் இறால் வந்ததும் சரியாகிவிட்டது.

செக்ரட்டரி தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெலுங்குக்காரர், எங்களிடம் தமிழைத் தெலுங்கோடு கலந்து பேசுவார். அவர் வந்த பிறகு மாடிக்கு மாடி சிவப்பு வாளியில் மணல் வைத்தார். முதல் மாடியில் யாரோ அதில் துளசி நட்டுவிட்டார்கள். இரண்டாம் மாடி வாளியில் செருப்பு வைத்தார்கள். அவர் ஒவ்வொரு வாரமும் துளசியைப் பிடுங்காமல் பக்கத்தில் இன்னொரு வாளி வைத்துவிட்டுப் போவார். அவ்வளவு பொறுமையான மனுஷன் ஒரு நாள் என் கதவைத் தட்டினார்.

“அம்மா, உங்க பால்கனிலேர்ந்து நெருப்புப் பொறி வருது. பால்கனில நிப்பு வத்தண்டி, நெருப்பு வேண்டாம்.”

“சாம்பிராணி சார்” என்றேன்.

“சாம்பிராணி கூட நிப்பே கதா அம்மா? நெருப்புக்கு சாமின்னு தெரியுமா?”

“பூஜை பண்றத கூட கேள்வி கேப்பீங்களா?” என்று கதவைச் சாத்தினேன். என் கோபத்துக்கு எப்போதும் நல்ல நேரம் பார்க்கத் தெரியாது.

மாமிக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் குளித்து நனைத்த ஒன்பது கஜம் புடவையை மறுநாள் மடியாக உடுத்த வேண்டும். காய்கிற வரை வேறு ஆள் கை படக் கூடாது. மற்ற வீடுகளில் உத்தரத்துக்குப் பக்கத்தில் கொடி கட்டிக் கோலால் தள்ளி உலர்த்துவார்கள். இந்த வீட்டில் உத்தரத்தில் மின்விசிறி. அதனால் மாமி பால்கனிக் கம்பியில் நாலு கிளிப் போட்டு, புடவையை வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டுவிடுவார். அந்தரத்தில் தொங்கினால் காற்றைத் தவிர யார் தொடப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு. அதன் நுனி எங்கள் பால்கனிக் கம்பி வரை இறங்கும். பதினோரு மணிக்குக் காய்ந்துவிடும், எடுத்துவிடுவார். அதன் பிறகுதான் நாங்கள் கரியை மூட்டுவோம். இது நான் வகுத்த ஒழுங்கு. அதையாவது கடைப்பிடித்திருக்கலாம்.

அந்த ஞாயிறு ஆனி மாதம். சூளூர்பேட்டை மடவை, முட்டை வைத்த மீன், நல்ல கொழுப்பு. பதினொன்றரை ஆகியும் புடவை தொங்கிக்கொண்டிருந்தது. மேலே மாமி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. என் கணவர் வாட்சைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

“மாமி இப்ப எடுக்கற மாதிரி தெரியலமே. பசிக்கிது.”

“அடுப்ப கொஞ்சம் நகத்தி வெச்சிக்கினா ஆச்சு, மூட்டு” என்றேன். அடுப்பு அரை அடி நகர்ந்தது. அந்த அரை அடியை நினைத்தால் இப்போதும் எனக்கு என் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

மீன் பாதி வெந்தது. கொழுப்பு சொட்டிச் சொட்டிக் கரி சீறிக்கொண்டிருந்தது. போன் பேச்சு நின்று, மேலே காலடிச் சத்தம் வந்தது. மாமியின் குரல்: “என்னம்மா இது, ஏதோ ஒரு மாதிரி வாசனை வரதே?”

நான் பயந்துபோய் டப்பாவுக்குள் கையை விட்டேன். சிட்டிகை போடும் இடத்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். கொழுப்பில் நனைந்த கரி மேல் சாம்பிராணித் தூள் விழுந்ததும் ‘குப்’ என்று என் உயரத்துக்கு நெருப்பு எழுந்தது. கம்பி ஓரம் பிரித்து வைத்திருந்த கற்பூரப் பொட்டலமும் பற்றிக்கொண்டது. காற்று அந்த நேரம் பார்த்து நெருப்பை வெளிப்பக்கம் சாய்த்தது. காய்ந்து மொறுமொறுப்பாக இருந்த பருத்திப் புடவையின் நுனி பற்றியது. தீ அதில் மேலே ஏறியது.

மேலே மாமி “பெருமாளே! பெருமாளே!” என்று அலறினார். தினமும் குனிந்து பேசும் குரல் இல்லை அது. நான் யோசிக்கவே இல்லை. மிளகாய்த்தூள் கையோடு எட்டி, பற்றாத இடமாகப் பார்த்துப் புடவையைப் பிடித்து இழுத்தேன். ஒரு கிளிப் தெறித்தது, இரண்டாவது தெறித்தது. மூன்றாவது பிடிவாதமாக நின்றது. தீ என் கையைத் தொட்டபோது விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. நான்காவதும் தெறித்துப் புடவை மொத்தமும் எங்கள் பால்கனிக்குள் விழுந்தது. செருப்புக் காலால் மிதித்தேன்.

“யோவ், தண்ணிய ஊத்துய்யா!”

என் கணவர் கைக்குக் கிடைத்த வாளியைத் தூக்கி ஊற்றினார். தீ அணைந்தது. அவர் ஊற்றியது மீன் கழுவிய தண்ணீர்.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமியின் மடிப் புடவை, கால்வாசி கருகி, மீதி மேல் முழுக்க மீன் செதில்கள் வெயிலில் மினுங்கக் கிடந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் என் கணவர் முகம் கோணிக்கொண்டு போனது. எனக்கு அழுகைதான் வந்தது.

செக்ரட்டரி மூச்சு வாங்க ஓடிவந்தார், சிவப்பு வாளியோடு. துளசி நட்ட வாளி. அடுப்பில் மணலைக் கொட்டி அணைத்துவிட்டு மேலே போய்ப் பார்த்து வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “அம்மா, மேல பால்கனில காஸ் சிலிண்டர் இருக்கு. ஸ்பேர் சிலிண்டர். புடவை கட்டின எடத்துக்கும் அதுக்கும் ரெண்டு அடி” என்றார். தன் கையை விரித்து அந்த இரண்டு அடியைக் காட்டினார்.

புடவையை ஒரு டப்பில் போட்டு நானே மேலே எடுத்துப் போனேன். வேறு யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால் போதாது என்று தோன்றியது. மாமி கதவைத் திறந்தார். டப்பைப் பார்த்தார். மூக்கு லேசாகச் சுருங்கியது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக அவர் மனதுக்குள் திரும்பிப் போவது எனக்குத் தெரிந்தது. மாசி வரைக்கும் போய் வந்தார். கடைசியில் என் கையைப் பார்த்தார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

“கையை ஓடற தண்ணியில காமி” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க மேலிருந்து ஒரு குரலும் இல்லை. ஓனரிடம் மாமி சொல்லிவிட்டால் வீடு போய்விடும் என்பது முதல் இரண்டு நாள் கவலை. மூன்றாம் நாள் நான் பால்கனிக்குப் போய் வழக்கம்போல் நிமிர்ந்து பார்த்தேன், யாரும் இல்லை. அப்போதுதான் எனக்கு என் கவலையே புரிந்தது. வீடு போனால் இன்னொரு வீடு பார்த்துக்கொள்ளலாம். “நான் பொறுப்பு” என்று சொன்ன மனுஷியை எங்கே போய்த் தேடுவது? அவ்வளவு வெட்கமாக இருந்தது எனக்கு. புது ஒன்பது கஜம் ஒன்று வாங்கிக் கவரைக்கூடப் பிரிக்காமல் அவர் வாசலில் வைத்தேன். மறுநாள் காலை அது என் வாசலில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாமியும் வந்து தூண் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. செக்ரட்டரி தன் விதிகளை வாசித்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு நெருப்புக்கு ஓடியவர், சொந்தக் குடியிருப்பில் தன் பேச்சை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவர். அன்று எல்லோரும் வாய் பேசாமல் கேட்டார்கள்.

பால்கனியில் கரி அடுப்பு கூடாது. மேல் வீட்டுத் தளம் தலைக்கு மேல் இருக்கும் எந்த இடத்திலும் கூடாது. சுட வேண்டுமானால் கீழே காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில், கட்டடத்தை விட்டுப் பத்து அடி தள்ளி, மணலும் தண்ணீரும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கற்பூரம், மண்ணெண்ணெய் எதையும் எரிகிற கரியில் போடக் கூடாது. கொழுப்பு சொட்டினால் தீ எழும்பும், அடுப்பை விட்டு நகரக் கூடாது. அணைந்த கரி அணைந்த கரி இல்லை, தண்ணீர் ஊற்றி மூடி போட்ட இரும்புப் பாத்திரத்தில் ஒரு நாள் வைத்த பிறகே குப்பைக்குப் போக வேண்டும். பால்கனியில் சிலிண்டர் கூடாது. பால்கனிக்கு வெளியே துணி தொங்கவிடக் கூடாது. கடைசி இரண்டையும் வாசிக்கும்போது அவர் மாமியைப் பார்க்காமல் வாசித்தார்.

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். “ஓனருக்கு நான் எழுதணும். ஏம் ஜரிகிந்தி, என்ன நடந்ததுன்னு எழுதணும். மாமிகாரு, நான் பார்த்தது போதாது, புடவை உங்களுது, நீங்க சொல்லணும். அந்த அடுப்புல என்ன இருந்தது?”

எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் அவர் வாயால் எங்கள் வீடு போகும், சொல்லாவிட்டால் அவர் நாக்கின் சத்தியம் போகும். அவர் உதடு அசைந்தது. அது எந்தப் பக்கம் அசையப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்குத் தாங்காது என்று மட்டும் தெரிந்தது.

எழுந்து நின்றேன். “மீன் சார். மடவை மீன். மாசியிலேர்ந்து வாரா வாரம் சுட்டுக்கினு கீறோம். சாம்பிராணி நாத்தத்த மறைக்கறதுக்குப் போட்டது. மாமிக்கு ஒண்ணும் தெரியாது. வீடு கேட்டு வந்தப்போ புரட்டாசி, தொட்றதில்லன்னு சொன்னேன். மத்த மாசத்தப் பத்தி நான்தான் சொல்லல. காலி பண்ணச் சொன்னா பண்ணிட்றோம்.”

என் கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், பிறகு விட்டுவிட்டு அவரும் எழுந்து நின்றார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பின் வரிசையில் ஒரு அம்மாள் தெலுங்கில், தன் வீட்டிலும் ஞாயிறானால் மீன் குழம்புதான், காற்றுத் துவாரத்து ஜன்னலில் ஈரத் துண்டைத் தொங்கவிடுவேன் என்று தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார். இன்னும் இரண்டு மூன்று பேர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

மாமி எழுந்தார். இடுப்பிலிருந்து போனை எடுத்தார். எல்லோருக்கும் முன்னால் ஓனருக்குப் போட்டார்.

“நான்தான் பேசறேன். அன்னிக்கு இவா நம்மளை மாதிரின்னு சொன்னேனோல்லியோ? இல்லை. மீன் சாப்பிடுவா. பால்கனியிலேயே சுட்டா. என் புடவை பத்திண்டுது.” கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். “இருங்கோ, நான் முடிக்கலை. அது என் சிலிண்டர்கிட்ட போறதுக்குள்ள தன் கையால இழுத்து அணைச்சவளும் இவதான். சிலிண்டரை அங்க வெச்சது நான். புடவையை வெளியில தொங்கவிட்டது நான். நாலு வருஷமா செக்ரட்டரி வேண்டாம்னு சொல்லிண்டிருக்கார். நான் கேக்கலை. காலி பண்ணச் சொல்றதுன்னா எங்க ரெண்டு பேரையும் சொல்லணும். இவாளுக்கு அன்னிக்கும் நான் பொறுப்பு, இன்னிக்கும் நான்தான் பொறுப்பு.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, “சரி” என்று போனை வைத்தார். நேராக என்னிடம் வந்தார். ஒரு வாரம் கழித்து இப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறார்.

“கீழ அவர் சொன்ன எடத்துல சுட்டுக்கோ. ஆனா சாம்பிராணி போடாதே. நான் அதைக் கண்ணை மூடிண்டு பெருமாள்னு இழுத்தேன்ம்மா.” புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “மீன்னா மீன் நாத்தமே வரட்டும். நான் ஜன்னலைச் சாத்திக்கறேன்.”

திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன். இதற்கோ கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். செக்ரட்டரி பேனாவையும் தாளையும் என் முன்னால் நீட்டி, தமிழில் எழுதுங்கள், இனிமேல் யாரும் படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூடாது என்றார்.

அதன் பிறகு எங்கள் அடுப்பு கீழே சுவர் ஓரத்துக்குப் போனது. இரண்டு பக்கமும் இரண்டு வாளி, ஒன்றில் மணல், ஒன்றில் நல்ல தண்ணீர். மீன் கழுவிய தண்ணீரை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று என் கணவருக்கு மட்டும் நான் வாய்மொழியாகப் பன்னிரண்டாவது விதி போட்டேன். மாமியின் சிலிண்டர் உள்ளே போனது, புடவைக்கு வீட்டுக்குள் கொடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கரி பற்றிக்கொண்டதும் மூன்றாம் மாடியில் ‘டப்’ என்று ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். நான் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீனைத் திருப்பிப் போடுவேன். சாயந்திரம் ஜன்னல் திறக்கும், மாமி குனிவார், நான் நிமிர்வேன்.

புரட்டாசி பிறந்தது. அடுப்பைக் கழுவி அதே அட்டைப்பெட்டியில் வைத்துப் பரண் மேல் ஏற்றினோம். முதல் சனிக்கிழமை காலை, என் கணவர் கண்ணாடி முன்னால் நாமம் போட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம். மாமி நின்றிருந்தார், கையில் புளியோதரை.

“இந்த மாசம் தொடமாட்டேளே?”

“தொடமாட்டோம் மாமி. இந்த மாசம் மட்டும்.”

“கேட்ட கேள்விக்கு இப்பவாவது முழுசா பதில் சொன்னியே.” பாத்திரத்தை என் கையில் கொடுத்தார். கொப்பளம் ஆறிய இடத்தை விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். “அந்தப் புதுப் புடவையை என்ன பண்ணே?”

“பீரோவுலயே கீது மாமி.”

“குடு. நனைச்சு உலத்திக்கறேன்.”

அந்த மாதம் முப்பது நாளும் மேல் மாடி ஜன்னல் ஒருநாள்கூடச் சாத்தவில்லை.